தொடாமல் வைத்த கோப்பை

தவரத்தினம் அந்தக் கோப்பையை எடுத்தது மரியாதைக்காகத்தான். வீட்டுக்காரரின் மானம் போய்விடக் கூடாது என்று எடுத்தார். எடுத்த கையோடு தன்னுடையது போனது அவருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

பரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் அவருக்கு ராசதந்திரி என்று பெயர். வைத்தவர் சவிரிமுத்து. மன்னார்க்காரர், மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குகிறவர், கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. தவரத்தினம் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக மெற்றோப் படியில் ஏறுவதைக் கண்டால் வீதியின் மறுகரையிலிருந்து கூப்பிடுவார்.

"என்ன ராசதந்திரியார், இண்டைக்கு எந்த நாட்டைச் சமாதானப்படுத்தப் போறியள்?"

"மாஃபி முஷ்கில்" என்பார் தவரத்தினம், கையை உயர்த்தி. பிரச்சினை இல்லை என்று பொருள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்த எல்லோருடைய வாயிலும் ஒட்டிக்கொண்டு வருகிற அரபு அது. அவருடைய வாயில் முப்பது வருடத்துக்கு மேலாக ஒட்டியிருக்கிறது.

பெரிய இடத்து விருந்துகளுக்குப் பரிமாற ஆட்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை. தூதரகங்கள், அமைச்சர் வீடுகள், பதினாறாம் வட்டாரத்து மாளிகைகள். கோப்பை கழுவத்தான் சேர்த்தார்கள். நேராக நிற்பார், முகம் மழித்து வருவார், தட்டை ஏந்தினால் கை நடுங்காது. இவற்றைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளன் மத்தியூ அவரை வெளியே கொண்டுவந்தான். அரபு விருந்து என்றால் முதலில் அவருடைய பெயரைத்தான் எழுதுவான். "தவா அங்கே இருந்தவன், அந்த ஆட்களை அவனுக்குத் தெரியும்" என்று மற்றவர்களுக்குச் சொல்வான். சேர்ந்த முதல் நாளே தவரத்தினம் சொல்லிவைத்த சேதி அது.

அங்கே இருந்தது உண்மை. சவூதியில், தம்மாமில் இரண்டு வருடம், ஒரு சலவைக்கூடத்தில். வெள்ளை நீள அங்கிகள் மலையாக வந்து குவியும். எதற்குக் கஞ்சி போட வேண்டும், எந்தக் கழுத்து விறைப்பாக நிற்க வேண்டும், எந்தத் தலைத்துணியை எப்படி மடித்தால் நெற்றியில் கூர் விழும் என்பதெல்லாம் கைக்குப் பழகியது. அரபுகளைவிட அரபுகளின் உடுப்புகளைத்தான் அவர் அறிந்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் முதலாளியின் வீட்டில் ஆண்கள் கூடுவார்கள். சூடான்காரர் ஒருவர் காப்பி ஊற்றுவார். தவரத்தினம் கழுவிய கோப்பைகளோடு வாசலில் நிற்பார். இடது கையில் கூசா என்கிற மூக்கு வைத்த காப்பிக் கெண்டி, வலது கையால் கோப்பை நீட்ட வேண்டும். அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். போதும் என்றால் விருந்தாளி வெறுங்கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பித் தருவார். வாசலில் நின்று பார்த்தது இவ்வளவுதான். பரிசில் அரபுலகம் தெரிந்த மனிதராக வாழ அது போதுமாக இருந்தது.

அந்த வசந்தத்தில் இரண்டு அரபு நாட்டுக்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். எந்த நாடுகள் என்று வெளியில் சொல்லக் கூடாது என்பது வேலையின் நிபந்தனை. தவரத்தினம் அதை மீறாமல், அதே சமயம் சொல்லாமலும் இருக்க முடியாமல், தேநீர்க் கடையில் கிழக்கு வளவு, மேற்கு வளவு என்று பெயர் வைத்துப் பேசினார். யாழ்ப்பாணத்தானுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்து வளவு, நடுவில் வேலி.

ஒரே மொழி, ஒரே தொழுகை, ஒரே காப்பி. முப்பது வருடத்துக்கு முன்பு கிழக்கு வளவின் பட்டாளம் மேற்கு வளவுக்குள் புகுந்து சில மாதம் இருந்துவிட்டு, அடிபட்டுத் திரும்பிப் போனது. போகும்போது ஆட்களையும் கொண்டு போனது. பிறகு தூதரகங்களைப் பூட்டினார்கள். திறந்தார்கள். ஏதோ ஒரு பேச்சுக்காகத் தூதுவரைத் திருப்பி அழைத்தார்கள். உதைபந்தாட்டப் போட்டிக்காக விமானம் விட்டார்கள். மற்ற அயலவர்கள் அன்றைக்கு யார் யார் பக்கம் நின்றார்கள் என்பதை இன்றைக்கும் ஒருவரும் மறக்கவில்லை. மாநாடுகளில் கட்டிப்பிடித்து மூக்கோடு மூக்கு உரசுவார்கள். வீட்டுக்குப் போனதும் எல்லைக் கல், எண்ணெய், மீன்பிடி.

"வேலிக் கதியாலை அரக்கி அரக்கி நட்டிருப்பாங்கள்" என்றார் சவிரிமுத்து. "அது சரி, கடல்லை எப்பிடி மச்சான் கதியால் போடுறது? எங்கடை ஆக்களுக்கும் சொல்லித் தரச் சொல்லு."

பேச்சுக்காகக் கிழக்கு வளவுக்காரர் போர்த் தோஃபின் பக்கத்தில் ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆகவே அவர்கள் வீட்டுக்காரர், மேற்கு வளவுக்காரர் விருந்தாளிகள். நடுவில் தோமா என்று ஓய்வுபெற்ற பிரெஞ்சுத் தூதுவர் ஒருவர். அரபுகள் இருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. தோமாவுக்குத்தான் தேவை. அவருடைய காதோரம் ஆன்ஜெலிக் என்ற பெண் குந்தியிருந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டேயிருப்பாள். அவளுடைய தாய் அலெப்போக்காரி.

செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டுக்காரரின் சொந்தக் காப்பிக்காரனுக்குக் காய்ச்சல். மத்தியூ சமையலறைக்குள் தலையை நீட்டி, "தவா, உனக்கு இது செய்யத் தெரியும்தானே?" என்று கேட்டான்.

"தெரியும்" என்றார் தவரத்தினம்.

கூசாவை அவர் ஏந்தி நின்ற விதத்தில் ஒரு பிழையும் இல்லை. மூத்த விருந்தாளிக்கு முதலில் ஊற்றினார். மேற்கு வளவுக்காரர்களில் அவர் ஒருவர்தான் கோட் போடாதவர். எழுபது வயதிருக்கும், மெலிந்த நீண்ட உடம்பு. அங்கியின் கஞ்சி சரியான அளவில் இருப்பதைத் தவரத்தினம் கவனித்தார். கிழவர் கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. முன்னால் இருந்த தாழ்ந்த மேசையில் வைத்தார். ஒரு வசனம் சொன்னார், தவரத்தினத்துக்கு விளங்காத அரபு. இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டார்.

அறை அடங்கிப்போனது.

வீட்டுக்காரர், முன்னாள் அமைச்சர், பருத்த மனிதர், பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றுவிட்டார். அவரோடு வந்தவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள். கிழவரோடு வந்தவர்களும் கோப்பையைப் பார்த்தார்கள். தோமா ஆன்ஜெலிக்கின் பக்கம் சாய்ந்தார். அவள் வீட்டுக்காரரின் வாயையே பார்த்திருந்தாள். ஏலக்காய் வாசம் மட்டும் அறையில் நின்றது. கோப்பையில் எழுந்துகொண்டிருந்த ஆவி மெலிந்து, நின்றுபோனது.

தவரத்தினம் சுவரோடு நின்றார். அவருக்கு இது தெரிந்த காட்சி. சண்டிலிப்பாயில் இரண்டு முழ நிலத்துக்காக அவருடைய தகப்பனாருக்கும் பக்கத்து வளவு மாணிக்கத்தாருக்கும் வேலி வழக்கு. ஒருநாள் நாலுபேர் மாணிக்கத்தாரைக் கூட்டி வந்தார்கள். தேத்தண்ணி வைத்தபோது அவர் தொடவில்லை. பகை வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அர்த்தம். நாலுபேர் முன்னால் ஆறிக்கொண்டிருக்கும் தேத்தண்ணியைப் போல ஒரு வீட்டுக்கு அவமானம் வேறில்லை. தவரத்தினத்தின் தாய் குசினியிலிருந்து வந்து, "ஐயோ ஆறிப்போச்சு, சூடாத் தாறன்" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு அந்த இறுக்கம் தளர்ந்தது. நாலுபேரும் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

தவரத்தினம் முன்னால் போனார். குனிந்தார். ஆறிய கோப்பையை எடுத்தார். சூடாக ஒன்று ஊற்றி வலது கையால் நீட்டினார்.

கிழவர் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தார். கோபமில்லை. வழியில் நடந்து போகிறவன் திடீரென்று சுவர் ஒன்றைக் கண்டால் பார்ப்பதைப் போல. பிறகு உள்ளங்கையை உயர்த்தி வேண்டாம் என்றார்.

வீட்டுக்காரர் பெரிதாக மூச்சுவிட்டார். பாதியில் நின்ற சிரிப்பை முடித்துக்கொண்டு, துறைமுகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எல்லோரும் அவசரமாகத் துறைமுகத்தைப் பற்றிப் பேசினார்கள். சமாளித்துவிட்டேன் என்று தவரத்தினத்தின் நெஞ்சு நிமிர்ந்தது.

அறைக்கும் சமையலறைக்கும் இடையில் கோப்பைகள் அடுக்கும் சின்ன இடம் ஒன்றுண்டு. அவர் அந்தக் கோப்பையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கையில் வீட்டுக்காரரின் செயலாளர் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றோடு வந்தார். மரப்பெட்டி, பித்தளைப் பூட்டு. "மேதகு அவர்கள் உங்களுக்குத் தரச் சொன்னார். நிலைமை புரிந்த மனிதர் என்று சொன்னார். இனியும் நீங்கள்தான் காப்பி ஊற்ற வேண்டுமாம்." மத்தியூ பின்னால் நின்று கட்டைவிரலை உயர்த்தினான்.

செயலாளர் போன பிறகு ஆன்ஜெலிக் தண்ணீர் குடிக்க வந்தாள். குடிக்கவில்லை. கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் கேட்டாள்.

"யார் சொல்லிச் செய்தீர்கள்?"

"என்னத்தை?"

"கோப்பையை எடுக்கச் சொன்னது யார்? அமைச்சரா, அந்தச் செயலாளரா?"

"ஒருவரும் சொல்லவில்லை."

அவள் பெட்டியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இதை நான் பேசக் கூடாது. ஆனாலும் கேளுங்கள். அவர்களில் ஒருவர் இன்னொருவருடைய வீட்டில் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தால், அவருக்குக் கேட்க ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். என் அம்மாவின் பக்கத்திலும் இது உண்டு. வீட்டுக்காரர், குடியுங்கள், கேட்டது தந்தாயிற்று என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முடியாது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். நழுவ முடியாது. அரசாங்கங்கள் முப்பது வருடமாக நழுவுகின்றன. அதனால்தான் அந்த மனிதர் இதைச் செய்தார்."

"என்ன கேட்க வந்தவர்?"

"தம்பியை. போரிலே கொண்டுபோனார்கள், அவரோடு அந்த ஊரில் இன்னும் பலரை. எங்கே புதைத்தார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தைத் தோண்ட விடுங்கள், எலும்பைக் கொண்டுபோகிறோம் என்று கேட்கத்தான் பரிசுக்கு வந்தார். எல்லைப் பேச்சுக்கு அல்ல."

தவரத்தினத்தின் கையில் துடைத்த கோப்பை இருந்தது.

"உங்களுக்கு இது தெரியாதா? தெரியாமலா எடுத்தீர்கள்?" என்று கேட்டாள். கொஞ்சம் கெஞ்சிக் கேட்பது போலவே இருந்தது. தெரியாது என்ற ஒரு சொல்லை அவருக்காக அவள் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

மத்தியூ சிரித்தான். "தவாவுக்கா தெரியாது? அவன் அவர்களோடு வாழ்ந்தவன்."

"தெரியும்" என்றார் தவரத்தினம்.

ஆன்ஜெலிக் கிளாசை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மடையன் என்ற பெயரா, கூலிக்குக் கோப்பையை எடுத்தவன் என்ற பெயரா என்று கேட்டால் எவரும் மடையனாக இருக்கவே விரும்புவர் என்று அவர் அதுவரை நினைத்திருந்தார்.

போர்த் தோஃபினிலிருந்து இரண்டாம் இலக்க மெற்றோ நேரே லாச்சப்பலுக்கு வரும். பார்பெஸ் வரும்வரை நிலத்துக்குள் ஓடும், பிறகு வெளிச்சத்துக்கு ஏறும். தவரத்தினம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்காமல் வந்தார். வெளிச்சம் வந்ததும் முகம் மறைந்தது. ஆறுதலாக இருந்தது.

நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் தேநீர்க் கடைக்குப் போனது. சவிரிமுத்து வேலை முடிந்து வந்து பிளேன்ரீயோடு குந்தியிருந்தார்.

"வேலி அடைச்சாச்சோ? உதென்ன கையிலை, கிழக்கு வளவுச் சீதனமோ?"

பெட்டியைத் திறந்ததும் கடைக்காரரும் வந்து ஒன்று எடுத்தார். வழவழவென்ற கறுத்த பழங்கள். சவிரிமுத்து கொட்டையை உமிழ்ந்துவிட்டு, "சும்மா தந்திருக்க மாட்டாங்கள். என்ன செய்தனீ?" என்று கேட்டார்.

தவரத்தினம் சொல்லத் தொடங்கினார். நடந்ததைத்தான் சொல்ல நினைத்தார். ஆனால் அந்த வாங்குப் பலகையில் குந்தினால் வாய் தன்பாட்டில் போகும் தடம் ஒன்று இருந்தது. "ரெண்டு பகுதியும் இறுகிப்போய் இருக்குது. ஒருத்தர் கோப்பையைத் தொடேல்லை. ஒருத்தருக்கும் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நான்தான் போய்..."

"போய்?"

"போய் எடுத்திட்டுச் சூடா ஒண்டு குடுத்தன். பிறகு எல்லாரும் கதைக்கத் தொடங்கீட்டினம்."

"பாத்தியே!" சவிரிமுத்து தொடையில் அடித்தார். "ஐக்கிய நாடுகள் சபைக்கு ஏலாததை ஒரு சண்டிலிப்பாயான் செய்து போட்டான். உன்னைத்தான் மச்சான் எங்கடை பிரச்சினைக்கும் அனுப்பியிருக்க வேணும். மாஃபி முஷ்கில் எண்டு முடிச்சிருப்பாய்."

கடை சிரித்தது. தவரத்தினமும் சிரித்தார். சிரித்தது தனக்கே கேட்டது. தனக்கு வந்த பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

"பெட்டியை விட்டிட்டுப் போறாய். பூரணிக்குக் கொண்டு போ" என்று சவிரிமுத்து பின்னாலேயே கொண்டுவந்து கையில் திணித்தார்.

வீடு ரூ பஜோலில், நாலாம் மாடி. மனைவி பூரணி கூடத்தில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். மே மாதம். ஒவ்வொரு வருடமும் இந்த மாதத்தில் தமையன் நவநீதனின் படத்தைப் புதிய அட்டையில் ஒட்டுவாள். போன வருடத்து அட்டை மழையில் ஊறியிருக்கும். ஊரில் போர் முடிந்த நாளான பதினெட்டாம் திகதி கூட்டத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கடைசி நாட்களில் வட்டுவாகலில் அவனைப் பட்டாளத்திடம் கையளித்ததையும், பட்டாளம் பஸ்ஸில் ஏற்றியதையும் அவளுடைய அக்கா கண்ணால் கண்டாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

படத்துக்கு அவள் மாலை போட மாட்டாள். விளக்கு வைக்க மாட்டாள். சுவாமி அறையில் செத்துப்போன மாமனார் மாமியார் படங்கள் உண்டு. நவநீதனின் படம் அங்கே இல்லை. அது கூடத்தில், மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், உயிரோடு இருக்கிறவர்களின் வரிசையில் இருந்தது.

"ஆர் தந்தது?" என்று பெட்டியை வாங்கித் திறந்தாள். "வடிவான பழம். அண்ணைக்குப் பேரீச்சம்பழம் எண்டா உயிர். கொழும்பாலை ஆரும் வந்தா முதல் அதைத்தான் கேப்பார்." நாலு பழத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்தாள். படைக்க அல்ல. நல்லதாக ஏதாவது வந்தால் கொஞ்சம் எடுத்து வைப்பது அவளுடைய பழக்கம். இரண்டு நாள் கழித்துத் தானே தின்பாள்.

"அதை வையாதை" என்றார் தவரத்தினம்.

"ஏன்? பழுதோ?"

"அதிலை இருந்து எடுத்து வையாதை, பூரணி."

அவள் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். அவர் கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். இந்த முறை வாய் வேறு தடத்தில் போகவில்லை. கோப்பை, கிழவர், சூடாக ஊற்றியது, பெட்டி, ஆன்ஜெலிக் சொன்னது. ஒவ்வொன்றாகச் சொன்னார். பூரணி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. வெட்டிய அட்டையைப் பார்த்தாள்.

"தம்பியையோ தேடுறார்?"

"ஓம்."

"எத்தினை வருசமாம்?"

"முப்பதுக்கு மேலை."

அவள் அட்டையின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"அந்தப் பிள்ளை கேட்க, தெரியாமல் எடுத்திட்டன் எண்டு சொன்னனீங்கள்தானே?"

தவரத்தினம் தரையைப் பார்த்தார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"தெரியும் எண்டு சொன்னன்."

"ஏன்?"

பதில் இருந்தது. மத்தியூ பக்கத்தில் நின்றான். அதுதான் பதில். நவநீதனின் படத்துக்கு முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"அந்தக் கோப்பையை என்ன செய்தனீங்கள்?"

"ஊத்திப்போட்டுக் கழுவி வைச்சன்."

பூரணி கிண்ணத்துப் பழங்களைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள். மூடினாள். பித்தளைப் பூட்டை அழுத்தினாள். வெளிக் கதவடியில், சப்பாத்துகள் வைக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.  

அடுத்த நாள் மத்தியூ தொலைபேசியில் எடுத்தான். வியாழக்கிழமை மறுபடியும் அதே வீடு, அதே ஆட்கள். தமிழனைத்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தவரத்தினம் முதுகு நோகிறது என்று சொல்லிப் பார்த்தார். யோசித்துச் சொல் என்று வைத்துவிட்டான்.

"நான் போகேல்லை" என்றார் குசினி வாசலில் நின்று.

பூரணி அடுப்பைத் தணித்தாள். "போங்கோ."

"எந்த முகத்தோடை?"

"உங்கடை முகத்தை ஆர் பாக்கினம்? அந்த மனிசன் இன்னொருக்கா வைச்சா, பக்கத்திலை ஆர் நிக்கிறது? இன்னொரு விசரன் வந்து எடுத்துப் போடுவான். நீங்கள் காவலுக்கு நில்லுங்கோ. ஆறட்டும். புழுப் பிடிக்கட்டும். அந்தக் கொழுத்த மனிசன் வாய் திறக்கும்வரைக்கும் ஒருத்தரையும் தொட விடாதேங்கோ."

வியாழக்கிழமை அவர் முந்தியே போனார். ஆன்ஜெலிக் தோட்டத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் திரும்பினாள். அவர் சுற்றிப் போய் முன்னால் நின்றார்.

"எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரியாமல்தான் எடுத்தேன்."

"தெரியும் என்று சொன்னீர்கள்."

"பொய்."

அவள் புகையை மற்றப் பக்கம் ஊதினாள். "இதை இன்றைக்கு எனக்குச் சொல்லி என்ன?"

"அந்தப் பெரியவருக்குச் சொல்லிவிடுங்கள். தயவுசெய்து."

"நான் அவர்கள் பேசுவதைத்தான் சொல்லலாம், மெசியூ. பரிமாறுகிறவர்கள் பேசுவதை அல்ல. செவ்வாய்க்கிழமையே அளவுக்கு மீறிப் பேசிவிட்டேன்." சிகரெட்டை அணைத்துவிட்டு, போகும்போது கொஞ்சம் இளகி, "அவர் இன்றைக்கு வருகிறார்" என்றாள்.

சாப்பாடு முடிந்தது. தவரத்தினம் கூசாவை ஏந்தினார். கிழவருக்கு முதலில் ஊற்றினார். ஊற்றிவிட்டு ஓரடி பின்னால் நின்றார். மற்றவர்களுக்கு ஊற்றப் போகவில்லை. மத்தியூ கதவடியில் நின்று கண்ணால் தள்ளினான். அவர் அசையவில்லை. இன்றைக்கு மேசையில் ஒரு கோப்பை இருந்தால் அதன் பக்கத்தில் எவனையும் வரவிடுவதில்லை. வேலை போனாலும் சரி.  வையுங்கோ ஐயா, என்று தமிழில் மனதுக்குள் சொன்னார். வையுங்கோ.

கிழவர் கோப்பையை வாங்கிய கையோடு உதட்டுக்குக் கொண்டுபோனார். ஒரே மிடறில் குடித்தார். இரண்டு தரம் ஆட்டினார். திருப்பி அவரிடம் நீட்டினார்.

எதிரே இருந்த வீட்டுக்காரர் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சு மீன்பிடிப் படகுகளுக்குப் போனது. தவரத்தினம் வெறுங்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னும் சூடாக இருந்தது. ஒரே வீட்டில் இரண்டாம் முறை கேட்பதில்லைப் போலும். அல்லது கேட்டுப் பயனில்லை என்று முடிவாகிவிட்டது. அவருக்கு எது என்று தெரியவில்லை. இந்த ஆட்களைப் பற்றி அவருக்குத் தெரியாத எத்தனையோ விசயங்களில் இதுவும் ஒன்று.

விருந்தாளிகள் புறப்படும்போது மேலங்கிகளை எடுத்துக் கொடுக்க ஆளில்லை. தவரத்தினம் ஓடிப்போய் நின்றார். கிழவருடையது ஒட்டக மயிர் அங்கி. தோளில் போட்டுவிட்டார். மற்றவர்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். இதுதான் நேரம்.

முப்பது வருடம் வாய் கிழியப் பேசிய அரபு முழுவதையும் தேடினார். அங்கி, கஞ்சி, சூடு, நாளைக்கு, சீக்கிரம், முதலாளி. பிழை என்பதற்குச் சொல் இல்லை. மன்னிப்பு என்பதற்கு இல்லை. தம்பி என்பதற்கு இல்லை.

"அனா... காவா..." காப்பிக் கோப்பையை எடுப்பதுபோல் கையால் காட்டினார். தன் நெஞ்சில் தட்டினார். "அனா மாஃபி மாலூம். மாஃபி மாலூம்."

எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. வேலைக்காரர் முதலாளிகளிடம் பேசுகிற அரபு.

கிழவர் குனிந்து கேட்டார். எதைக் கேட்டாரோ, எதை விளங்கிக்கொண்டாரோ. அங்கியில் ஏதோ பிழை விட்டதற்காக ஒரு வேலைக்காரன் பதறுகிறான் என்றுகூட நினைத்திருக்கலாம். அவருடைய தோளை மெல்லத் தொட்டார். வீட்டு வேலைக்காரர்களுக்கு விளங்க வேண்டும் என்று அந்த நாட்டுக்காரர் பேசுகிற அதே உடைந்த மொழியில் சொன்னார்.

"மாஃபி முஷ்கில்."

படியிறங்கிப் போனார்.

தேநீர்க் கடை வாசலில் சவிரிமுத்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். தவரத்தினம் காணாதவர் போல வீதியைக் கடந்தார். நாலு மாடி ஏறினார். பேரீச்சம்பழப் பெட்டி இன்னும் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் இருந்தது. பூரணி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"வைச்சவரோ?"

"இல்லை."

"குடிச்சிட்டாரோ?"

"ஓம். குடிச்சிட்டு ஆட்டித் தந்திட்டார்."

அவள் உள்ளே போனாள். கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. அட்டை வேலை முடிந்திருந்தது. நவநீதன் இருபத்தொன்பது வயதில் கமராவைப் பார்த்துக்கொண்டு மேசையில் சாய்ந்திருந்தான். பூரணி பால் தேத்தண்ணியைக் கொண்டுவந்து படத்துக்கும் அவருக்கும் நடுவில் வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தாள்.

தவரத்தினம் கோப்பையைப் பார்த்தார். கை போகவில்லை. ஆவி மெலிந்து நின்றது, மேலே ஆடை படர்ந்தது. கலியாணம் முடித்த காலத்திலிருந்து ஆறிய தேத்தண்ணியை ஒருவருக்கு முன்னால் விட்டுவைக்காத பூரணி, இன்றைக்கு அதை எடுக்கவில்லை.